உணவுக்குப் பின்

கவாலா, 30 ஜனவரி 1986

அன்புள்ள ஸ்த்ராதிஸ்,

தெசலோனிக்கியிலிருந்து உன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அங்கே உன் வலிப்புக்குப் பார்க்கும் டாக்டர் விர்வீலி அதைத் தபாலில் போடும்வரை பொறுக்கவில்லை, என் மருந்துக்கடைக்கே போன் செய்தார். இருமல் மருந்து கேட்டு நின்ற ஒரு மனிதரை அப்படியே இருமவிட்டுவிட்டுப் பேசினேன்.

"பொலிக்சேனி, உன் தம்பி மாத்திரை சாப்பிடறானா இல்லையா?"

"சாப்பிடறேன்னுதான் சொல்றான், டாக்டர்."

"அப்படின்னா அது ரத்தத்துல இருக்கணுமே. இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. எங்கதான் போச்சு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊர் முழுக்க யார் யார் மாத்திரையை விழுங்குகிறார்கள், யார் பூந்தொட்டியில் போடுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவள் நான். சொந்தத் தம்பியிடம் ஏமாந்திருக்கிறேன்.

வீட்டில் இருந்தபோதும் இதே மாத்திரைதான், இதே அளவுதான். இரண்டு வருடம் நீ ஒரு தடவைகூட விழவில்லை. துறவியாகப் போகிறேன் என்று புனித மலைக்குப் போய் ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் மூன்று தடவை வலிப்பு வந்திருக்கிறது. அதிலும் ஒன்றைப் படகுக்காரர் லாசரோஸ் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பெண் என்பதால் அந்த மண்ணில் கால் வைக்க எனக்கு அனுமதி இல்லை. உங்கள் குடிலில் போனும் கிடையாது. இல்லாவிட்டால் நானே வந்து உன் வாயைத் திறந்து போட்டுவிட்டுப் போவேன்.

உண்மையைச் சொல். நோன்பிருந்தால் வலிப்பு ஓடிவிடும், மாத்திரை எதற்கு என்று யாராவது உன் மண்டையில் ஏற்றிவிட்டார்களா? இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிட அங்கே முடியாது என்றால் வீட்டுக்கு வந்துவிடு. உன் அறை அப்படியேதான் இருக்கிறது. பஞ்சு மூட்டை இரண்டை மட்டும் அங்கே வைத்திருக்கிறேன், அதையும் எடுத்துவிடுகிறேன்.

உன் அக்கா,
பொலிக்சேனி


குடில், புனித மலை, 10 பிப்ரவரி (எங்கள் நாட்காட்டியில் 28 ஜனவரி)

அன்புள்ள அக்கா,

எங்கள் நாட்காட்டி உங்களுடையதைவிடப் பதின்மூன்று நாள் பின்னால் நடக்கிறது. ஆகவே நீ கோபப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே நான் பதில் எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள். அதற்காகவாவது கொஞ்சம் இரங்கு.

மாத்திரையை நான் பூந்தொட்டியில் போடவில்லை. இங்கே பூந்தொட்டியே இல்லை, முட்டைகோஸ்தான் இருக்கிறது. நீ டப்பாவில் உன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாயே, அதன்படிதான் சாப்பிடுகிறேன். ஒரு எழுத்து பிசகவில்லை. சோதனைக் காலத்தில் இருக்கிறவனுக்கு முதல் பாடமே சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான். உன் எழுத்தையும் இந்தக் குடிலை நடத்தும் பெரியவரின் வாக்கையும் நான் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறேன். நீ என்னைப் பொய்யன் என்கிறாய்.

லாசரோஸ் உன்னிடம் சொன்னது சமையலறையில் விழுந்ததைத்தான் இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தேன். நல்லவேளை, எரியவில்லை. எங்கள் சமையல்காரர் நிகாந்த்ரோஸ் நாக்கைக் கடித்துவிடுவேன் என்று பயந்து மரக்கரண்டியை என் வாயில் திணித்திருக்கிறார். கரண்டியும் போயிற்று, ஒரு பல்லின் முனையும் போயிற்று. எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது நான்கு தாடிகள் என் மேல் குனிந்திருந்தன. சொர்க்கம் என்றால் இவ்வளவு பூண்டு நாற்றம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பிறகு எனக்கு முடி களைந்து, புதுப் பெயர் வைத்து, துறவியாக ஏற்றுக்கொள்வதாக இருந்தது உனக்குத் தெரியும். இப்போது தயங்குகிறார். "தம்பி, கீழ கடல், மேல பாறை. நீ இப்படி விழுந்துக்கிட்டே இருந்தா நான் உன் அக்காவுக்கு என்ன பதில் சொல்றது? பாஸ்கா வரைக்கும் பார்ப்போம். சரியாகலன்னா வீட்டுக்குப் போயிடு, அதுல ஒண்ணும் அவமானமில்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் எதிர்த்துப் பேச எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அக்கா, நான் இங்கே இருக்க விரும்புகிறேன். எதையும் இவ்வளவு விரும்பியதில்லை. டாக்டர் அளவைக் கூட்டச் சொன்னால் கூட்டிவிடு.

உன்,
ஸ்த்ராதிஸ்


கவாலா, 21 பிப்ரவரி

ஸ்த்ராதிஸ்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. நீ சின்ன வயதிலும் இப்படித்தான். ஜாம் ஜாடியை உடைத்துவிட்டு அம்மாவைச் சிரிக்க வைப்பாய், அடி எனக்கு விழும்.

முதலில் நிகாந்த்ரோஸிடம் இதை வாசித்துக் காட்டு. வலிப்பு வந்தவன் வாயில் எதையும் வைக்கக் கூடாது. கரண்டியோ, சாவியோ, விரலோ, எதுவும் கூடாது. நாக்கை யாரும் விழுங்கிவிட மாட்டார்கள். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் கோவேறு கழுதையோ படகோ, எது கிடைக்கிறதோ அதில் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். நீயும் படகில் தனியாக மீன்பிடிக்கப் போகாதே. அடுப்பு வேலை வேண்டாம் என்று சொல். முட்டைகோஸுக்குக் களை எடு.

இப்போது உன் விஷயம். ஜனவரி முடியும்போது தீர்ந்துபோகிற கணக்கில்தான் உனக்கு மாத்திரை கட்டி அனுப்பினேன். நீ இன்னும் புதிதாகக் கேட்கவில்லை. மிச்சம் இருக்கிறது, இல்லையா? சாப்பிட்டால் தீரும், சாப்பிடாவிட்டால் மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்க நான் மருந்தியல் படித்திருக்கவே வேண்டாம்.

டாக்டர் கூடுதல் அளவுக்குச் சீட்டு எழுதித் தந்துவிட்டார். அது என் மேஜையில் இருக்கிறது. நான் அதற்கு மருந்து கட்டப் போவதில்லை. பழையதையே ஒழுங்காகச் சாப்பிடாத உடம்பில் திடீரென்று பெரிய அளவைக் கொட்டினால் தலை சுற்றும், கண் இரண்டிரண்டாகத் தெரியும். அந்தப் பாறைப் படியில் நீ வலிப்பு இல்லாமலேயே உருண்டு விழுவாய். நான் மருந்தாளர்தான், மருத்துவர் இல்லை. ஆனால் அவர் உன் வார்த்தையை நம்பி எழுதிய சீட்டு அது. உன் வார்த்தை சரியில்லை என்று எனக்குத் தோன்றும்போது நான் எப்படிக் கொடுப்பேன்?

வலிப்பைச் சிலுவையாகச் சுமக்கிறேன் என்று மட்டும் எழுதாதே. அப்படி ஒரு வரி வந்தால் கடிதத்தைக் கிழித்துவிடுவேன்.

பொலிக்சேனி


குடில், 8 மார்ச் (உன் நாட்காட்டிப்படி, சண்டை வேண்டாம் என்பதற்காக)

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நான் யாரோடும் பேசவில்லை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள் என்பது இங்கே பழக்கம். இன்றைக்கும் அது முழுதாகத் தணியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மாத்திரை மிச்சம் இருக்கிறது, உண்மைதான். அதனால் நான் திருடன் ஆகிவிட மாட்டேன். நீயே உன் டப்பாவை நினைத்துப் பார். "காலை ஒன்று, மாலை ஒன்று, உணவுக்குப் பின்." அதைத்தானே எழுதினாய்? இங்கே செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு இரண்டு வேளை சாப்பாடு. இரண்டு மாத்திரை போடுகிறேன். திங்கள், புதன், வெள்ளி நோன்பு, ஒரே வேளை. அன்றைக்கு ஒரு மாத்திரை. உணவே இல்லாத மாலையில் உணவுக்குப் பின் எப்படிப் போடுவது? வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும் என்று நீதானே வருகிறவர்களிடமெல்லாம் கத்துவாய்? நான் அந்தக் கடையில் உட்கார்ந்து வளர்ந்தவன். உன் குரல் என் காதிலேயே இருக்கிறது.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நோன்பிலும் இப்படித்தான் செய்தேன். இன்னும் சில நாளில் பாஸ்காவுக்கு முந்தைய பெருநோன்பு தொடங்குகிறது. தூய திங்களிலிருந்து முதல் மூன்று நாளும் எங்களுக்கு ஒன்றும் கிடையாது, இளையவர்கள் தண்ணீர்கூடத் தொட மாட்டோம். ஆகவே அந்த மூன்று நாளும் மாத்திரையும் இல்லை. அதற்குப் பிறகு வார நாட்களில் ஒரு வேளைதான். பெட்டியில் இருப்பது பாஸ்கா வரைக்கும் தாராளமாக வரும். அதனால்தான் கேட்கவில்லை, சிக்கனமாக இருக்கிறேனே என்று நீ சந்தோஷப்படுவாய் என்றுகூட நினைத்தேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஏமாற்று எங்கே இருக்கிறது? நீ எழுதியதைக் கேள்வி கேட்காமல் செய்திருக்கிறேன். ஒரு நாள்கூட என் இஷ்டத்துக்கு நடக்கவில்லை. என் உடம்பு தோற்றுப்போயிருக்கலாம், மாத்திரை தோற்றுப்போயிருக்கலாம். நான் சொன்ன சொல் தோற்கவில்லை. அதை மட்டும் ஒப்புக்கொள், அக்கா.

ஸ்த்ராதிஸ்


ஊரானூபொலி துறைமுகம், காபிக்கடை, 14 மார்ச், வெள்ளி

என் ஸ்த்ராதிஸ், என் கண்ணே, என் முட்டாளே,

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையைத் தினமும் காலையிலும் மாலையிலும் போடு. சாப்பாடு இருந்தாலும் போடு, இல்லாவிட்டாலும் போடு. தூய திங்களும் போடு. விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடாதே. எப்போதும் போடுகிற ஒன்றைத்தான் போட வேண்டும். இது என் பேச்சு இல்லை, டாக்டர் விர்வீலியின் பேச்சு. உன் கடிதத்தை அவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அந்த நாள் கணக்கை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு, "நல்லவேளை பொலிக்சேனி, அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடு. மருந்து ஒரு தப்பும் பண்ணல" என்றார்.

"உணவுக்குப் பின்" என்று எழுதியது உன் வயிறு கொஞ்சம் சுகமாக இருக்கட்டும் என்பதற்காக. வெறும் வயிற்றில் போட்டால் கொஞ்சம் குமட்டலாம், அவ்வளவுதான். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீயே சமையலறைத் தரையில் பார்த்துவிட்டாய். நீ விழுந்த மூன்று நாளையும் நாட்காட்டியில் தேடிப் பார்த்தேன். மூன்றும் நோன்பு நாளுக்கு மறுநாள்தான். ஒரு மாலை விட்டதற்கே இப்படி. மூன்று நாள் சேர்ந்தாற்போல விட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்காமலே போகலாம். அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள், தம்பி.

கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்து வந்தேன். வந்தால் படகு இல்லை. கடல் பொங்குகிறது. துறைமுகக் காவலரிடம் போனேன்.

"அம்மா, பொம்பளைங்க அந்தப் பக்கம் போகக் கூடாது, தெரியுமில்ல?"

"நான் போகலய்யா. இந்தக் கடிதம் போகணும்."

"கடிதம்னா படகுல போகும்."

"படகு எப்ப போகும்?"

"காத்து நின்னா."

"காத்து எப்ப நிக்கும்?"

"அதை அந்தச் சாமிமாருங்களத்தான் கேக்கணும்."

கடைசியில் தேமிஸ் என்று ஒரு விறகுவெட்டி கிடைத்தார். கீழ்ப்பக்கத்துக் காட்டுப்பாதையில் லாரி போகிற தூரம் போய், மிச்சத்தை நடந்து கடப்பாராம். "உங்க தம்பிக்கு என்ன வியாதி?" என்று கேட்டார். "சொன்ன பேச்சைக் கேக்கறதுதான்" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். திங்களுக்குள் போய்ச் சேர்வேன் என்கிறார், சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறார்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். இதைப் பெரியவருக்குக் காட்டாதே. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் பயம் வந்தது. அடுத்து வந்தது வேறொன்று. மாத்திரை ஒழுங்காக வேலை செய்தால் நீ விழ மாட்டாய், விழாவிட்டால் அங்கேயே இருந்துவிடுவாய், நான் உன்னை வீட்டில் ஒருநாளும் பார்க்க மாட்டேன். அம்மா போனதிலிருந்து எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். நீ ஒவ்வொரு தடவை விழுந்த செய்தி வந்தபோதும் அழுதேன், கூடவே "இனி வந்துவிடுவான்" என்றும் நினைத்தேன். அப்படி நினைத்த அக்காவைத் திட்டு. ஆனால் மாத்திரையைப் போடு.

நீ பொய் சொல்லவில்லை. உன்னைப் பொய்யன் என்றதற்கு மன்னித்துவிடு.

உன் பொலிக்சேனி


குடில், 24 மார்ச்

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் படித்துவிட்டுத் தண்ணீர் குடி.

தேமிஸ் திங்கள் வரவில்லை. மலையில் பனி இறங்கியிருந்ததாம். செவ்வாய் நடுப்பகலில் முழங்கால்வரை சேறோடு வந்து சேர்ந்தார். அந்த மூன்று நாளும் எங்கள் குடிலில் யாரும் பேசுவதில்லை. அவர் வந்து நின்று, "ஸ்த்ராதிஸ்ங்கறது யாரு? உங்கக்கா என் உசிர வாங்கிட்டாங்க!" என்று போட்ட சத்தத்தில் கோவிலுக்குள் ஜெபமணி உருட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

எனக்குக் காலையிலிருந்தே கை தன்னால் துடித்துக்கொண்டிருந்தது. கடிதத்தைப் படித்தேன், உடனே மாத்திரையை வாயில் போடவில்லை. திட்டாதே. நோன்பின் நடுவில் அனுமதி இல்லாமல் எதையும் விழுங்கக் கூடாது. அனுமதி கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எல்லோரும் பட்டினி கிடக்கும்போது எனக்கு மட்டும் ஒன்று வேண்டும் என்று போய் நிற்க வேண்டும். பெரியவர் "அப்ப வீட்டுக்கே போயிடு" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. கடைசிப் பக்கத்தை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, மற்றதை அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தார். "இது உன் அக்கா எழுதினதா? கையெழுத்தே மிரட்டுதே" என்றார். பிறகு, "எந்திரிச்சு உடனே போடு. மருந்து சாப்பாடு இல்ல. ரெண்டு வேளையும் கோவிலுக்குக் கூப்பிட மரப்பலகை தட்டறாங்கல்ல? நோன்போ விருந்தோ அது நிக்கறதில்ல. அதைக் கேட்டதும் போடு. வெறும் வயித்துல நற்கருணை வாங்கற நாளும் போடு, நான் சொல்றேன்" என்றார். அவரே குவளையில் தண்ணீர் கொடுத்தார்.

விழுங்கிவிட்டு நிமிர்ந்தால் அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. தலையணைக்கடியில் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தார். ரத்த அழுத்த மாத்திரை. "தம்பி, என்னோடதுலயும் இதேதான்டா எழுதியிருக்கு" என்றார். அப்போது கதவுப்பக்கத்திலிருந்து நிகாந்த்ரோஸ், "எனக்குச் சக்கரைக்குக் குடுத்ததும் உணவுக்குப் பின்தான், சாமி" என்றார். மௌன நோன்பு அத்தோடு போயிற்று. ஐந்து பேரில் மூன்று பேர், அக்கா! வருடக்கணக்காக! "யாரும் சொந்தமா ஒண்ணும் பண்ண வேண்டாம். மருந்துப் பேரெல்லாம் எழுதி அந்தப் பொண்ணுக்கு அனுப்பு. அது சொல்றபடி கேப்போம்" என்று பெரியவர் முடித்துவிட்டார். பெயர்கள் தனித் தாளில் இருக்கின்றன.

இனி நீ விரும்பாத செய்தி. அன்று மாலை எனக்கு வந்துவிட்டது. ஒரு மாத்திரை அதற்குள் என்ன செய்யும்? கோவில் வாசலில் விழுந்தேன். நிகாந்த்ரோஸ் கரண்டியைத் தொடவில்லை. தன் அங்கியைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்து, ஒருபக்கமாகத் திருப்பி, பக்கத்திலேயே குளிரில் உட்கார்ந்திருந்தாராம். தன்னால் நின்றிருக்கிறது. கண் விழித்ததும் இனி என்னை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பெரியவர், "இது போட்டதால வந்ததில்ல, போடாததால வந்தது. பாஸ்கா வரைக்கும்னு சொன்னேன்ல? இன்னும் பாஸ்கா வரல" என்றார்.

கடைசிப் பக்கத்தைப் பற்றி. உன்னை நான் ஏன் திட்ட வேண்டும்? இங்கே என்னை யாரும் கட்டிவைக்கவில்லை, நான் ஆசைப்பட்டுத்தான் இருக்கிறேன். அப்படியும் ஒவ்வொரு தடவை விழுந்து எழும்போதும் முதல் கணம் நம் வீட்டில் இருப்பதாகத்தான் தோன்றும். உன் மருந்து வாடையைத் தேடுவேன். அது வராது. அது வராதபோது அழுகை வரும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

உன் ஸ்த்ராதிஸ்


கவாலா, 4 ஏப்ரல்

என் ஸ்த்ராதிஸ்,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தது தப்பு. அழுதுகொண்டே ஒரு அம்மாளுக்கு வயிற்று மருந்து கொடுத்தேன். தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அவர் பயந்துவிட்டார். சமாதானம் சொல்லி அனுப்பப் பெரும்பாடாகிவிட்டது.

பெரியவர் சொன்ன மரப்பலகை யோசனை டாக்டருக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு தட்டலுக்கும் நடுவே ஏறக்குறைய அரை நாள் இருந்தால் போதும் என்கிறார். தப்பித்தவறி ஒரு தட்டலில் மறந்துவிட்டால், ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள். அடுத்த தட்டல் நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடு, சேர்த்துப் போடாதே. குமட்டல், தலைசுற்றல் இருந்தால் எழுது. உடம்பில் தடிப்பு வந்தாலோ, காய்ச்சலோடு வாய் புண்ணானாலோ எழுதிக்கொண்டிருக்காதே, உடனே டாக்டரைப் பார்.

பெரியவரின் மாத்திரையையும் சாப்பாடு பார்க்காமல் தினமும் போடலாம், அவருடைய டாக்டரிடமே போன் செய்து கேட்டுவிட்டேன். ஆனால் நிகாந்த்ரோஸ் விஷயம் நேர் எதிர்! அவர் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை விழுங்கினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுவார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தீர்கள். அவர் டாக்டரைப் பார்க்கும்வரை முழுப்பட்டினி கிடக்கக் கூடாது. சமைக்கிறவர் சாப்பிடக் கூடாது என்று எந்தச் சாமி சொன்னது என்று நான் கேட்டதாகச் சொல்.

உனக்குப் புது மாத்திரை கட்டியிருக்கிறேன், மூன்று டப்பாவிலும் ஒட்டப் புதிய சீட்டும் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில், யாரும் வேறு மாதிரி கீழ்ப்படிய முடியாதபடி. பாஸ்கா முடிந்ததும் நீ ரத்தம் கொடுக்க வெளியே வர வேண்டும். அப்போது நேரில் பார்ப்போம். வீட்டுக்கு வா என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை, கவனித்தாயா?

உன் பொலிக்சேனி


குடில், 2 ஜூன்

அன்புள்ள அக்கா,

தெசலோனிக்கியில் உன்னைப் பார்த்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. நீ கட்டிக்கொடுத்த ரொட்டியை இங்கே எல்லோரும் பங்குபோட்டுத் தின்றோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அந்தத் தாளை நீட்டி, "இப்பத்தான் இருக்க வேண்டிய அளவுல இருக்கு" என்றபோது நீ என் கையை அழுத்தினாயே, அது இன்னும் வலிக்கிறது.

அதற்குப் பிறகும் விழவில்லை. மரப்பலகை தட்டியதும் நிகாந்த்ரோஸ் சமையலறையிலிருந்து, "டேய், முழுங்கினியா?" என்று கத்துகிறார். இங்கே எனக்கு இன்னொரு அக்கா கிடைத்துவிட்டார், தாடியோடு.

நேற்று பெரியவர் கூப்பிட்டார். வரும் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்னைத் துறவியாக ஏற்கிறார்கள். புதுப் பெயர் என்னவென்று அந்த நிமிடம்வரை எனக்கும் சொல்ல மாட்டார்கள். அதற்கு நீ வர முடியாது. அதை எழுதவே கை வரவில்லை.

ஒன்று சொல்கிறேன். ஊரானூபொலியிலிருந்து கோடையில் சுற்றுலாப் படகு விடுகிறார்கள். பெண்களும் ஏறலாம், ஆனால் கரையை ஒட்டி வராது, தள்ளியேதான் போகும். நடுப்பகலுக்கு முன்னால் எங்கள் படித்துறையைக் கடக்கும். அன்றைக்கு நான் அங்கே நிற்பேன். நீ வந்தால் வா. வராவிட்டாலும் நிற்பேன்.

ஸ்த்ராதிஸ் (இன்னும் சில நாளைக்கு)


கவாலா, 16 ஜூன்

அன்புள்ள தம்பி,

உன்னை எந்தப் பெயரில் கூப்பிடுவது என்று தெரியாததால் தம்பி என்றே எழுதுகிறேன். அதை யாரும் மாற்ற முடியாது.

வந்தேன். படகு முழுக்க வெளிநாட்டுக்காரர்கள், தொப்பி, காமிரா, வேர்க்கடலைத் தோல். ஒலிபெருக்கியில் ஒருவர் ஒவ்வொரு கட்டடத்தின் வயதையும் சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் குடில் அவர் சொன்னதில் வரவில்லை. நான் நீ சொன்ன பாறையை வைத்துக் கண்டுபிடித்தேன். ஒரு சாயம்போன நீலக் கதவு, அதற்குக் கீழே நீ உருண்டு விழுவாய் என்று நான் பயந்த படிகள். நான் நினைத்ததைவிடச் செங்குத்து. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது படித்துறையில் நீ நின்றாய்.

நீ என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து பேர் இருந்தீர்கள். ஐந்தும் கறுப்பு அங்கி, ஐந்தும் தாடி. ஒருவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அது பெரியவராக இருக்கும். நான் கையை ஆட்டினேன். ஐந்து கையும் சேர்ந்து ஆடியது. தூரத்தில் முகமே தெரியவில்லை. எது உன் கை என்று தேடித் தேடி, அதற்குள் படகு திரும்பிவிட்டது. ஒரு குண்டு மனிதர் தண்ணீரில் விழுகிற அளவுக்குக் குதித்துக் குதித்து ஆட்டினார், அது நிகாந்த்ரோஸ்தானே?

பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன்காரப் பெண், நம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசி, "அதுல யார் உங்காளு?" என்று கேட்டாள்.

"எல்லாரும்தான்" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. நீ நாலு பேருக்கு நடுவில், உன்னை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கத் தெரிந்தவர்களோடு இருக்கிறாய். வீட்டில் நான் கடைக்குப் போய்விட்டால் நீ தனியாகத்தானே இருப்பாய். திரும்பும் வழியெல்லாம் அழுதேன். துக்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, எது எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது.

பஞ்சு மூட்டைகளை மறுபடி உன் அறையில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, கடையில் இடமில்லை.

கோடை மாத்திரை கட்டி வைத்திருக்கிறேன். நாளை லாசரோஸ் படகில் போக வேண்டும். சீட்டில் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. உன் புதுப் பெயரை உடனே எழுதி அவரிடம் கொடுத்தனுப்பு. பெயர் தெரியாத ஆளுக்கு மருந்து கொடுக்க எனக்கு அனுமதி இல்லை.

உன் அக்கா,
பொலிக்சேனி